மலைத்தோட்டத்துப் பெரணி வாடினால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

பிப்ரவரி கடைசியில் என் தோட்டத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இதெல்லாம் செத்துப் போச்சா?" என்பதுதான். கல்கட்டு ஓரம் பழுப்பாகச் சுருண்டு கிடக்கும் வெள்ளிப் பெரணியைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அதே ஆட்கள் ஜூன் மாதம் வந்தால் அந்த இடம் பச்சைப்பசேல் என்று இருக்கும். இடைப்பட்ட மாதங்களில் நான் செய்த வேலை ரொம்பக் குறைவு. எதைச் செய்ய வேண்டும், எதில் கை வைக்கவே கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்குப் பல வருஷம் ஆனது. அதை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

கொடைக்கானலில் ஆண்டுக்கு 1,600 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. ஊட்டியில் சுமார் 1,250 மி.மீ. கேட்பவர்கள், அங்கே பெரணி வளர்க்க என்ன கஷ்டம் என்பார்கள். கஷ்டம் ஜனவரியில் ஆரம்பிக்கும். அதிலிருந்து மார்ச் வரை பெரிய மழை கிடையாது. பகலில் சுள்ளென்று வெயில், இரவில் பனி, நடுவில் ஈரமே இல்லாத காற்று. அது முடிந்து கோடை மழை சரியாக விழவில்லை என்றால், சீசன் கூட்டமும் சேர்ந்துகொள்ள, குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்க வேண்டியதாகிவிடும். அந்த நேரத்தில் பெரணிக்குத் தினமும் ஊற்ற நம்மால் முடியாது. வறட்சி தாங்கும் ரகமாகப் பார்த்து, அதற்கேற்ற இடத்தில் வைத்திருந்தால் ஊற்றத் தேவையும் இல்லை.

முதலில் கிழங்கைப் பாருங்கள்

கீழே சொல்லப்போகும் எந்த அறிகுறியாக இருந்தாலும், அதற்கு முன் இதைச் செய்யுங்கள். பெரணிக்கு ஓலை என்பது வந்து போகிற விருந்தாளி. செடி என்று சொல்ல வேண்டியது மண்ணை ஒட்டியோ மண்ணுக்குள்ளோ கிடக்கும் கிழங்கைத்தான். (பாடப் புத்தகத்தில் வேர்த்தண்டு என்று இருக்கும். ஊரில் எல்லாரும் கிழங்கு என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன்.)

சருகை இரண்டு விரலால் விலக்குங்கள். பழுப்பு மயிரோ செதிலோ போர்த்திய கட்டை தெரியும். அதைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் ஓர் ஓரத்தில் நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே வெளிர்பச்சையோ பாலேட்டு நிறமோ தெரிந்தால் செடி உயிரோடு இருக்கிறது. அழுத்தினால் அமுங்கி, பழுப்புத் தண்ணீர் கசிந்து, புளித்த வாடை வந்தால் அழுகல். கனமே இல்லாமல், ஒடித்தால் சுள்ளி மாதிரி 'டக்'கென்று முறிந்தால் காய்ந்து போயிற்று. பிறகு ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிழங்கு கெட்டி, மண் ஈரம் என்றால் எதுவும் செய்யாதீர்கள். கிழங்கு கெட்டி, மண் வறட்சி என்றால், நட்டு இரண்டு கோடை தாண்டாத செடிக்கு மட்டும் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் கொடுங்கள். கிழங்கு அமுங்கினால் மழைக்கால அழுகலைப் பற்றி எழுதியிருக்கும் பகுதிக்குப் போய்விடுங்கள். வறட்சியில் செத்த பெரணியை விட, வாடிய ஓலையைப் பார்த்துப் பதறி ஊற்றிய தண்ணீரில் செத்த பெரணியைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஓலை எல்லாம் சுருண்டு, மூடிய கை மாதிரி ஆகிவிட்டது

மலைப்பாதையில் மண் வெட்டிய சரிவுகளில் வெள்ளிப் பெரணியைப் பார்த்திருப்பீர்கள். ஓலையைப் பறித்துப் புறங்கையில் அழுத்தி எடுத்தால் வெள்ளையாக அச்சு விழும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. அந்த வெள்ளைப் பொடி சும்மா இல்லை. தண்ணீர் குறைந்ததும் ஓலை உள்பக்கமாகச் சுருளும். அப்போது பொடி படிந்த அடிப்பக்கம் வெளியே வந்துவிடும். பச்சைப் பக்கம் உள்ளே பத்திரமாக இருக்க, வெள்ளைப் பக்கம் வெயிலைத் திருப்பி அனுப்பும். ஈரம் போவதும் குறையும். செடி தானே குடை பிடித்துக்கொள்கிற மாதிரி.

மலையின் கீழ்ச்சரிவுகளில், வெயில் காயும் பாறை இடுக்கில் வளரும் மயிற்சிகையும் இதே குணம் உள்ளதுதான். விசிறி மாதிரி விரிந்திருக்கும் சின்னச் செடி, வறட்சியில் விரல்களை மடக்கிக்கொண்டு பழுப்பாகிவிடும். மழை விழுந்தால் சில மணி நேரத்தில் மறுபடி விரியும்.

சுருண்டது உறங்குகிறதா, செத்துவிட்டதா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. ஒரே ஓர் ஓலையைக் காம்போடு கிள்ளி, ஒரு டம்ளர் தண்ணீரில் முழுதும் மூழ்கும்படி ராத்திரி போட்டு வையுங்கள். காலையில் விரிந்து பச்சை திரும்பியிருந்தால் செடி உறக்கத்தில் இருக்கிறது. பழுப்பாகவே ஊறிக் கிடந்தால் அந்த ஓலை போயிற்று. ஆனால் ஓலை போனதாலேயே செடி போயிற்று என்று அர்த்தமில்லை. கிழங்கைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உறங்கும் செடிக்கு மார்ச் மாதம் தினம் ஒரு சொம்பு ஊற்றுவது தவறு. பாதி விழித்து, பாதி சுருண்டு, ஒவ்வொரு முறையும் உள்ளே சேமித்ததைச் செலவழித்து, கடைசியில் தளர்ந்துவிடும். விட்டுவிடுங்கள். கோடை மழை எழுப்பும்.

ஒரே ராத்திரியில் கறுத்துவிட்டது

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை இது வந்தால் காரணம் உறைபனிதான். ஊட்டியில் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று பள்ளமான இடங்களில் புல் வெள்ளையாகிற நாட்கள் இவை. கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிய தாழ்வான இடங்களிலும் அப்படித்தான். குளிர்ந்த காற்று கனமானது; தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் ஒரே தோட்டத்தில் மேல்பாத்தி பச்சையாகவும் கீழ்ப்பாத்தி வெந்த கீரை மாதிரியும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது.

கறுத்த ஓலையை உடனே வெட்டாதீர்கள். பார்க்க நன்றாக இல்லாவிட்டாலும், அடுத்த பனிக்கு அதுதான் கிழங்கின் போர்வை. பனி முடிந்து, கோடை மழைக்கு முன் சுருள் குருத்து தலைகாட்டும்போது வெட்டினால் போதும். அந்த நாள் வரை குருத்து மையத்தின் மேல் சருகைக் கூட்டி வையுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலம் வந்தால் மலர்ச்செடிகளை மிலாறு (மெல்லிய கிளைக் குச்சிகள்) கொண்டு மூடுவார்கள். அதே வழிதான் வீட்டிலும்: இலையோடு கூடிய மிலாறுகளைச் செடியைச் சுற்றிச் சாய்வாகச் செருகி, மேலே ஒன்றோடு ஒன்று கோத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாளை ஓலையின் மேலேயே படும்படி போர்த்தினால் தொட்ட இடமெல்லாம் கருகும்.

இன்னொன்று, காலை வெயில். பனி பிடித்த ஓலை மெல்ல உருகினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. கிழக்கு வெயில் நேராக அடித்தால் அரை மணியில் முடிந்துவிடும். அதனால் பனி விழும் இடமாக இருந்தால் பெரணியைக் கட்டடத்துக்கு மேற்கே, அல்லது கிழக்கில் ஒரு புதர் மறைக்கும்படி வைப்பேன். ரகத்திலும் வித்தியாசம் இருக்கிறது. வாள் பெரணி சட்டென்று கறுக்கும், மறுபடி முளைக்கும். தோல் மாதிரி தடித்த, பளபளக்கும் இலை கொண்ட ஹாலி ஃபெர்ன் பெரும்பாலும் அசையாது.

ஓலை நுனி மட்டும் கருகுகிறது

எந்த ஓலை, எந்தப் பக்கம் என்று கவனியுங்கள். காற்று வரும் பக்கத்து ஓலைகள் மட்டும் கருகினால் காற்றுதான் காரணம். முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்வரிசையோ, ரோஸ்மேரி மாதிரி வறட்சி தாங்கும் புதரோ அந்தப் பக்கம் வைத்தால் சரியாகிவிடும். எல்லாப் பக்கமும், முதிர்ந்த ஓலைகளில் முதலில் வந்தால் உப்பு. உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் போடும் காம்ப்ளெக்ஸ் உரத்தில் ஒரு கைப்பிடியைப் பெரணிக்கும் போட்டுவிடுவது நம் ஊரில் சகஜம். பெரணி வேர் நூல் மாதிரி மெல்லியது, அந்தக் காரத்தைத் தாங்காது. வருஷத்துக்கு ஒருமுறை மட்கிய இலை ஒரு கூடை போதும்.

உப்பு வரும் இன்னொரு வழி தேங்காய் நார்க்கழிவு. கட்டியாக வாங்கி ஊறவைத்து அப்படியே கலக்கக் கூடாது; இரண்டு மூன்று தடவை நிறையத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். பாத்திரம் தேய்த்த சோப்புத் தண்ணீரும் வேண்டாம். அரிசி களைந்த கழுநீர், காய்கறி அலசிய தண்ணீர் இரண்டும் தாராளமாக ஊற்றலாம். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள வீட்டில் ஐந்தாறு செடிக்கு அதுவே சரியாக வரும்.

மழைக்காலத்தில் மஞ்சளாகி நடுவில் அழுகுகிறது

வறட்சி தாங்கும் பெரணியை மலையில் உண்மையில் கொல்வது இதுதான். பாறை இடுக்கில் வாழப் பழகிய செடிக்கு வேரைச் சுற்றிக் காற்று வேண்டும். அக்டோபர், நவம்பரில், கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் நாள் கணக்கில் விடாமல் பெய்யும்போது களிமண் பாத்தி ஊறிய பஞ்சு மாதிரி ஆகிவிடும். அந்தப் பாத்தியில் வெள்ளிப் பெரணி மூன்றே வாரத்தில் போய்விடும்.

நான் ஆரம்பத்தில் செய்த தப்பைச் சொல்கிறேன். காற்றில் சாயாமல் இருக்கட்டும் என்று ஏழு செடிகளை ஆழமாகக் குழி தோண்டி, கிழங்கு முழுதும் மறையும்படி மண் அணைத்து நட்டேன். உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துப் பழகிய கை. தீபாவளி மழை முடிந்து பார்த்தபோது ஏழில் ஐந்து போயிருந்தது. அழுகிய ஐந்தையும் தோண்டி எடுத்து வரிசையாகத் திண்ணையில் வைத்துப் பார்த்தேன். ஐந்திலும் குருத்து மையம் முதலில் கறுத்து, அங்கிருந்து கீழே இறங்கியிருந்தது. வேர்நுனி பல இடங்களில் இன்னும் நன்றாகவே இருந்தது. பிழைத்த இரண்டு, மண் கரைந்து கிழங்கு வெளியே தெரிந்த செடிகள். அன்று புரிந்ததுதான்: கிழங்கின் முதுகு வெளியே தெரிய வேண்டும்.

அழுகல் தொடங்கிய செடியைக் காப்பாற்ற, முதலில் தோண்டி எடுங்கள். கூரான கத்தியால் அமுங்குகிற பகுதியைக் கெட்டியான, வெளிர்நிற சதை தெரிகிற வரை வெட்டித் தள்ளுங்கள். வெட்டு வாயில் கரித்தூள் தடவி, தாழ்வாரத்தில் ஒரு நாள் காற்றாட வையுங்கள். ஓலைகளில் பாதியைக் குறைத்துவிடுங்கள்; வேர் குறைந்த செடியால் எல்லா ஓலைக்கும் தண்ணீர் அனுப்ப முடியாது. பிறகு தோட்ட மண், இலை மட்கு, கைவிரல் கணு அளவு உடைத்த செங்கல் மூன்றையும் சம பங்கு கலந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரமான மேட்டில் நடுங்கள். கிழங்கை மண்ணின் மேல் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் கல் அணை கொடுத்தால் சாயாது. வேர் மட்டும் கல்லுக்கு அடியில் போகட்டும். கல்லின் அடிப்பக்கம் பகலில் குளிர்ச்சியாக இருக்கும், கோடையில் மண் கடைசியாகக் காய்வதும் அங்கேதான். மழையில் வடிகாலாகவும் வெயிலில் ஈரக் காப்பாகவும் ஒரே கல் வேலை செய்கிறது. வறட்சித் தோட்டத்தில் பெரணி வளர்க்க ஒரே ஒரு பொருளைத்தான் வாங்கலாம் என்றால், நான் உரம் வாங்க மாட்டேன், கல்தான் வாங்குவேன்.

இதோடு சேர்த்து நடும் மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கைகொடுக்கும். செப்டம்பரில் நட்டால் பெருமழைக்கு முன் வேர் பிடித்து, ஜனவரிக்குள் ஆழம் போய்விடும். ஊட்டிக்கு மேற்கே தென்மேற்கு மழை வலுத்த இடங்களில் ஜூன் நல்லது. நட்ட முதல் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை செடிக்கு ஐந்து லிட்டர், மெதுவாக. அடுத்த கோடையில் மாதத்துக்கு இரண்டு முறை. அதற்கு அடுத்து நிறுத்திப் பாருங்கள்.

தண்ணீர் ஊற்றினாலும் மண்ணுக்குள் இறங்கவில்லை

கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை (வாட்டில் மரம்), பைன் ஆகியவற்றின் கீழே தோட்டம் போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தண்ணீர் மேலாக ஓடிப் பக்கத்து நடைபாதையை நனைக்கும், விரலை விட்டால் உள்ளே புழுதி. காய்ந்த மண்ணில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். முத்து மாதிரி உருண்டு நின்றால், சருகிலிருந்து இறங்கிய எண்ணெயும் மெழுகும் மண் துகளைப் போர்த்தியிருக்கிறது என்று அர்த்தம்.

மேல் சருகை ஒதுக்கி, முள்கரண்டி மாதிரி ஏதாவது ஒன்றால் மண்ணை லேசாகக் கீறிவிடுங்கள். ஒரு சொம்பு தெளித்துவிட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். மறுபடி ஒரு சொம்பு. மூன்றாவது முறை ஊற்றும்போது மண் குடிக்க ஆரம்பிக்கும். சரிவில் இருக்கும் செடிக்குக் கீழ்ப்பக்கம் பிறைநிலா மாதிரி கல்லால் ஒரு சின்ன வரப்பு வையுங்கள். மேலே மூடாக்குக்கு நன்கு மட்கிய இலைதான் வேண்டும். காய்ந்த பைன் ஊசியும் கற்பூர இலையும் தீப்பிடித்தால் நிற்காது. காட்டுத்தீ காலத்தில் வீட்டுச் சுவரை ஒட்டி அவற்றைக் குவித்து வைக்கவே கூடாது.

கற்பூர மரத்துக்கு அடியில் மண்ணை எவ்வளவு திருத்தினாலும் ஒரே வருஷத்தில் மர வேர் வந்து பிடித்துக்கொள்ளும். பெரணி ஓலை ஒவ்வொரு முறையும் சின்னதாகிக்கொண்டே வந்தால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். அங்கே நேராக மண்ணில் நடுவதை விட்டுவிட்டு, அடியில் ஓட்டை போட்ட பழைய சிமென்ட் தொட்டியைப் பாதி புதைத்து அதில் வையுங்கள்.

ஓலைக்கு அடியில் பழுப்புப் புள்ளிகள் வந்திருக்கின்றன

பூச்சி என்று நினைத்து மருந்து அடிப்பதற்கு முன் ஓலையைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். புள்ளிகள் ஒழுங்காக, சிற்றிலைக்கு இரண்டு வரிசை என்றோ, விளிம்பை ஒட்டிக் கோடாகவோ, எல்லாச் சிற்றிலையிலும் ஒரே மாதிரி இருந்தால் அவை வித்துப் பைகளின் கூட்டம். பெரணிக்குப் பூவும் காயும் கிடையாது, அதன் விதைப்பு இப்படித்தான். ஒரு ஓலையை வெள்ளைத்தாளின் மேல் அடிப்பக்கம் கீழாக வைத்து, மேலே ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டு மறுநாள் எடுத்துப் பாருங்கள். காபிப்பொடியை விட மெல்லிய தூள், ஓலையின் வடிவத்திலேயே தாளில் படிந்திருக்கும். அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவே ஒருமுறை செய்யலாம்.

செதில் பூச்சி அப்படி வரிசை பிடிக்காது. நடுநரம்பை ஒட்டி, காம்பில், மேல்பக்கத்திலும்கூட, பெரிதும் சிறிதுமாக அப்பியிருக்கும். நகத்தால் தள்ளினால் முழுதாகப் பெயர்ந்து வரும், பிசுபிசுக்கும், எறும்பு ஏறியிருக்கும். அப்படியானால் மோசமான ஓலைகளை வெட்டி அப்புறப்படுத்தி, மற்றதை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெயும் சோப்பும் கலந்த தெளிப்புகள் பெரணி ஓலையைப் பொசுக்கிவிடும். கட்டாயம் அடிக்க வேண்டும் என்றால் ஒரே ஓலையில் அடித்து ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தொடருங்கள். வெள்ளிப் பெரணியை மட்டும் துடைக்காதீர்கள், பொடி போய்விடும்.

வேரில் உருண்டை உருண்டையாக இருக்கிறது

வாள் பெரணியைப் பிரித்து நடும்போது பக்கத்து வீட்டு அண்ணன் ஒருமுறை வேலி ஓரம் வந்து எட்டிப் பார்த்தார். மலைப்பூண்டும் உருளையும் போடுகிறவர். "தம்பி, வேர்ல நூற்புழு விழுந்திருக்கு. பிடுங்கித் தீ வெச்சிரு, என் காட்டுக்கு வந்துரும்" என்றார். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. பழனி மலை விவசாயிகளும் அதனால் நிறையவே அடிபட்டிருக்கிறார்கள்.

நான் ஓர் உருண்டையைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தேன். கோலிக்குண்டு அளவு, மேலே தங்க நிறத்தில் பூனைமயிர் மாதிரி செதில். இரண்டாக வெட்டியதும் உள்ளே நுங்கு மாதிரி கண்ணாடித் தன்மை, தண்ணீர் வழிந்தது. "அண்ணே, இது அதோட தண்ணிப் பானை" என்றேன். வறட்சிக்காகச் செடி தானே சேர்த்து வைப்பது. முட்டைக்கூடு நூற்புழுவின் கூடு குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். அதோடு அது உருளை, தக்காளி குடும்பத்தைத்தான் தாக்கும், பெரணிக்கு வராது. வேர்முடிச்சு நூற்புழுவாக இருந்தால் வேரே வீங்கிக் கரடுமுரடாக இருக்கும். இந்த உருண்டை மெல்லிய காம்பில் தனியாகத் தொங்கும்.

இதே உருண்டைகளால்தான் வாள் பெரணி எல்லை மீறிப் பரவவும் செய்கிறது. பாத்தியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குத் தகடோ ஓடோ புதைத்துவிடுங்கள். பிடுங்கியதை ஓடைக் கரையிலோ சோலை ஓரத்திலோ வீசாதீர்கள்.

முடவாட்டுக்கால் இலை காய்ந்து ஈர்க்கு மட்டும் நிற்கிறது

தாண்டிக்குடி, பண்ணைக்காடு மாதிரி கொஞ்சம் தாழ்ந்த, காபித்தோட்ட ஊர்களில் இந்தப் பெரணியை மரத்திலோ பாறையிலோ ஏற்றி வளர்க்கலாம். கொல்லிமலையில் சூப்புக்கு விற்கிறார்களே, அதே கிழங்குதான். இதற்கு இரண்டு வகை இலை உண்டு. நீளமான பச்சை ஓலை கோடையில் சிற்றிலைகளை உதிர்த்துவிட்டு ஈர்க்கோடு நிற்கும், அது இயல்பு. கிழங்கை ஒட்டி அகலமாக, பழுப்பாக, காகிதம் மாதிரி இருக்கிற இலை பிறந்து கொஞ்ச நாளிலேயே காய்ந்துவிடும், ஆனால் விழாது. சருகையும் தூசியையும் மழைத்தண்ணீரையும் பிடித்துவைத்து உரமாக்கித் தருகிற கூடை அது. காய்ந்த இலை என்று அதைச் சுத்தம் செய்தால் செடியின் சோற்றுத்தட்டைப் பறித்த மாதிரி ஆகிவிடும். கை வைக்காதீர்கள்.

வைத்தது வைத்தபடியே நிற்கிறது, வளரவில்லை

நம் மலை மண் புளிப்பானது. பெரும்பாலான பெரணிக்கு அது பிடிக்கும். பழைய பங்களாக்களின் சுண்ணாம்புக் காரைச் சுவரில் தானாக முளைக்கும் நீண்ட ஓலைப் பெரணிக்கு, அதாவது டெரிஸ் விட்டாட்டாவுக்கு, பிடிக்காது. அதற்குச் சுண்ணாம்பு வேண்டும். இடித்த சுவரின் காரைத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வேரைச் சுற்றிப் புதைத்தால் ஒரு பருவத்தில் வித்தியாசம் தெரியும். வெயிலும் வறட்சியும் தாங்கும் நல்ல செடி. ஆனால் மண்ணிலுள்ள ஆர்சனிக்கை உறிஞ்சி ஓலையில் சேர்க்கும் குணம் இதற்கு இருப்பதாக 2001இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அதனால் இதன் ஓலையை மாட்டுக்குப் போடுவதில்லை, காய்கறிப் பாத்தி உரத்திலும் சேர்ப்பதில்லை.

வளராமல் வெளிறி மஞ்சளடித்தால் வெயில் கூடுதல். மதிய வெயிலை மட்டும் மறைத்தால் போதும்.

சுருள் குருத்தைக் காணோம், ஓலை கடிபட்டிருக்கிறது

மழைநாளில் குருத்து இருந்த இடத்தில் வழவழப்பான கோடு மின்னினால் நத்தை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போய்க் கையால் பொறுக்குவதுதான் வழி. சாம்பல் தூவினால் அடுத்த மழையில் கரைந்துவிடும். பாத்தி உழுத மாதிரி இருந்தால் காட்டுப்பன்றி, ஓலை தரையோடு மிதிபட்டிருந்தால் காட்டெருமை. காட்டெருமை வரும் வழியில் செடியை வைத்துவிட்டு வேலி போட்டுத் தடுக்கப் பார்ப்பதை விட, செடியைக் கல்கட்டின் மேலே ஏற்றிவிடுவது நல்லது.

மழை வந்து ஒரு மாதம் ஆகியும் குருத்து வரவில்லை

சிலது தாமதமாக எழும். கிழங்கை மறுபடி கீறிப் பாருங்கள். உள்ளே வெளிர்நிறம் இருந்தால் வடகிழக்கு மழை வரை விட்டுவையுங்கள். ஜூனில் அசையாமல் நவம்பரில் குருத்துவிட்ட ஹாலி ஃபெர்ன் என்னிடம் இருக்கிறது. கிழங்கின் இரண்டு முனையிலும் நடுவிலும் கீறிப் பார்த்து மூன்று இடத்திலும் பழுப்பாக இருந்தால் எடுத்துவிடலாம்.

மாற்றுச் செடிக்காகச் சோலைக்குள் போய்த் தோண்டாதீர்கள். காப்புக் காட்டில் செடி எடுப்பது குற்றம். அதோடு சோலை நிழலில், ஓடை ஈரத்தில் பிறந்த பெரணி உங்கள் வெயில் பாத்தியில் ஒரு பிப்ரவரியைக்கூடத் தாண்டாது. மரப்பெரணியும் அப்படித்தான், வறட்சித் தோட்டத்துக்கு ஒத்துவராது. பக்கத்து வீட்டுச் சுவரில், இதே வெயிலில் நாலைந்து கோடை பார்த்த செடியிடமிருந்து விரல் நீளக் கிழங்கு ஒன்று, இரண்டு குருத்தோடு, கேட்டு வாங்குங்கள். செத்த செடி அழுகலில் போயிருந்தால் அந்த மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, செங்கல் துண்டு கலந்த புது மண் போட்டு, கல்லை மட்டும் கழுவி அதே இடத்தில் திருப்பி வையுங்கள். செப்டம்பர் முதல் மழையில் நடலாம்.